மூச்சுக்குக் காவலான சிறு பலூன்: டொக்டர் ஆதர் குடெல்லின் வாழ்வும் பணியும்

ஒருவருடைய பெயரை ஒரு நாளேனும் கேள்விப்படாமலே, அவருடைய உழைப்பினால் உயிர் பிழைத்து வீடு திரும்புகிறவர்கள் உலகெங்கும் இருக்கின்றனர். அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாச இயந்திரத்தின் துணையுடன் சில நாட்களைக் கழித்து மீண்ட எவரும் அத்தகையவரே. வாய் வழியாகச் செலுத்தப்பட்ட ஒரு குழாய், அக்குழாயின் நுனிக்குச் சற்று மேலே வாதனாளிக்குள் ஊதி நிற்கும் பெருவிரல் அளவிலான ஒரு பலூன், அப்பலூனுக்குக் காற்றூட்டுவதற்கென வாயோரம் தொங்கும் நூல் போன்ற இன்னொரு குழாய் ஆகிய மூன்றுமே அந்நாட்களில் அவரை இவ்வுலகோடு கட்டி வைத்திருந்தவை. மருத்துவத் துறையினர் அப்பலூனை 'கஃப்' என அழைப்பர். அதனை நம்பகமான கருவியாக்கித் தந்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பிறந்த டொக்டர் ஆதர் ஏர்னஸ்ட் குடெல் ஆவார்.

உரும்பிராயில் இருந்து கொண்டு அமெரிக்க மயக்கமருந்து நிபுணர் ஒருவரைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என வாசகர்கள் வினவக்கூடும். செம்மண் தோட்டங்களில் வெங்காயமும் புகையிலையும் வாழையும் செய்து வாழும் எமது ஊர்களில் மூச்சு நின்று போகும் ஆபத்து அரிதான ஒன்றல்ல. இரவில் தரையில் பாய் விரித்து உறங்குபவரைக் கட்டுவிரியன் தீண்டினால், கடித்த இடத்தில் நோவோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது. ஆனால் சில மணி நேரத்தில் கண்ணிமை சோர்ந்து, விழுங்க முடியாமல் போய், ஈற்றில் மூச்சுத் தசைகள் செயலிழக்கின்றன. தோட்டத்துக்குத் தெளிக்கும் பூச்சிநாசினிகளுள் சில உடலினுள் சென்றாலும் இதே கதிதான். இவ்விரு சந்தர்ப்பங்களிலும் நோயாளியைக் காப்பது, நஞ்சின் வலிமை தணியும் வரை நாட்கணக்கில் அவருக்காக மூச்சு விடும் இயந்திரமும் அதனோடு இணைந்த குழாயுமே. கொவிட் தொற்றுப் பரவிய ஆண்டுகளில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற வேறுபாடின்றி இந்நாட்டின் பல குடும்பங்கள் இக்குழாயின் பெயரைக் கேட்டுக் கலங்கி நின்றதையும் நாம் அறிவோம். ஆகவே குடெல்லின் கதை எமக்கு அந்நியமானதன்று.

மூச்சுக் குழாயின் வரலாறு குடெல்லுடன் தொடங்கியதுமன்று. பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே, மேற்குலகம் அவிசென்னா என அறிந்த மாமேதை இப்னு சீனா தமது 'அல் கானூன் ஃபித் திப்' என்னும் மருத்துவப் பேரேட்டில், மூச்சுத் திணறும் நோயாளியின் தொண்டைக்குள் பொன்னாலோ வெள்ளியாலோ ஆன குழாயைச் செலுத்துவது பற்றி எழுதியிருக்கிறார். அடுத்த நூற்றாண்டில் அந்தலூசியாவில் வாழ்ந்த இப்னு சுஹ்ர், கழுத்தில் துளையிட்டு வாதனாளியைத் திறப்பது உயிருக்கு ஆபத்தானதா என்பதை ஓர் ஆட்டின் மீது பரீட்சித்து, அப்புண் ஆறிவிடுவதைக் கண்டறிந்தார். கேள்வியைச் சோதனையால் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் முஸ்லிம் மருத்துவ மரபில் எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு இது ஒரு சான்று. 1543 இல் வெசேலியஸ் விலங்கொன்றின் வாதனாளிக்குள் நாணற் குழலைச் செருகி ஊதி அதனை உயிரோடு வைத்திருந்ததை எழுதினார். 1878 இல் கிளாஸ்கோவில் வில்லியம் மக்கெவன் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், கழுத்தை வெட்டாமல் வாய் வழியாகவே குழாய் செலுத்தி மயக்கமருந்து கொடுக்கச் செய்தார்.

எனினும் ஓர் இடர் எஞ்சியிருந்தது. வாதனாளி குழாயைவிட அகலமானது. அதனால் உள்ளே செலுத்தும் காற்றின் ஒரு பகுதி குழாயைச் சுற்றிலும் கசிந்து வெளியேறிவிடும். அதே இடைவெளியால் குருதியும் உமிழ்நீரும் வயிற்றில் இருந்து மேலெழும் புளித்த நீரும் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஜேர்மனியரான திரெண்டலன்பேர்க் 1870 ஐ அண்டிய ஆண்டுகளில், கழுத்துத் துளைக்குள் வைக்கும் குழாய்க்கு ஊதத்தக்க உறையொன்றை அமைத்தார். 1893 இல் வியன்னாவைச் சேர்ந்த ஐசன்மெங்கர் வாய்வழிக் குழாய்க்கும் அத்தகைய உறையை அமைத்து, அதன் இறுக்கத்தை வெளியில் இருந்தே அறிவதற்கு மற்றொரு சிறு பலூனையும் இணைத்தார். ஆயினும் இவை அன்றாட மருத்துவத்தில் நிலைபெறவில்லை. வைத்தியர்கள் அதனைக் கண்ணால் கண்டு நம்பி ஏற்றுக்கொள்ளும் காலம் வர முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. அக்காலத்தைக் கொண்டு வந்தவரே குடெல்.

ஆதர் குடெல் 1883 ஆம் ஆண்டு யூன் மாதம் இந்தியானாவின் கேம்பிரிட்ஜ் சிட்டி என்னும் சிற்றூரில் பிறந்தார். குடும்பம் வசதி படைத்ததல்ல. பதின்மூன்று வயதில் நேர்ந்த விபத்தொன்றில் வலது கையின் மூன்று விரல்களை இழந்தார். வறுமை காரணமாக உயர்பள்ளிப் படிப்பையும் இடையில் விட்டு வேலைக்குச் செல்ல வேண்டியதாயிற்று. வலக்கை ஊனமுற்ற, பள்ளிச் சான்றிதழ் இல்லாத ஒரு சிறுவன், கைத்திறனையே பெரிதும் நம்பியிருக்கும் ஒரு துறையில் உலகப் பெயர் பெறுவான் என அவ்வூரில் எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். குடெல் வேலை செய்து கொண்டே தாமாகப் படித்தார். இந்தியானாப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்று 1908 இல் வைத்தியராக வெளியேறினார்.

அக்காலத்தில் மயக்கமருந்து கொடுப்பது தனித் துறையாக மதிக்கப்படவில்லை. சத்திரசிகிச்சை செய்பவருக்கே மதிப்பும் பணமும் கிடைத்தன. ஈதர் சொட்டுச் சொட்டாக விடும் பணி, பயிற்சி வைத்தியரிடமோ தாதியிடமோ அருகில் நின்ற எவரிடமோ ஒப்படைக்கப்பட்டது. இந்தியானாபொலிஸ் நகர மருத்துவமனையில் பயிற்சி வைத்தியராக இருந்தபோது குடெல்லும் அவ்வாறுதான் இப்பணிக்குள் வந்தார். பின்னர் சொந்தமாக மருத்துவத் தொழில் தொடங்கியபோது, வருமானம் போதாமையால் மயக்கமருந்து கொடுக்கும் பணியையும் சேர்த்துச் செய்தார். வயிற்றுப்பாட்டுக்காக எடுத்துக்கொண்ட வேலையில் அவருடைய மனம் நிலைத்துவிட்டது. பிரசவ வேதனையில் இருக்கும் பெண்கள் தாமே அளவாகச் சிரிப்பு வாயுவைச் சுவாசித்து நோவைத் தணித்துக்கொள்ளும் முறையை 1911 இல் எழுதி வெளியிட்டார். நோயாளியின் துன்பத்தைக் குறைக்கும் வழியை நோயாளியின் கையிலேயே கொடுப்பது அக்காலத்துக்குப் புதிய எண்ணமாகும்.

முதலாம் உலகப் போரில் அமெரிக்கா 1917 இல் இறங்கியதும் குடெல் இராணுவ வைத்தியராகப் பிரான்ஸ் சென்றார். காயமுற்றோர் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தனர். சத்திரசிகிச்சை மேசைகள் இரவு பகலாக இயங்கின. மயக்கமருந்து கொடுக்கத் தெரிந்தவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்களாக இருந்தனர். குடெல் தாதியருக்கும் மருத்துவமனைச் சிற்றூழியர்களுக்கும் விரைவுப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். பயிற்சி பெற்றவர்கள் பல மருத்துவமனைகளில் சிதறிப் பணியாற்றியதால், அவர்களை மேற்பார்வை செய்ய மோட்டார் சைக்கிளில் சேற்றுப் பாதைகளின் ஊடாக ஓடித் திரிந்தார். மோட்டார் சைக்கிள் மயக்கமருந்து வைத்தியர் என்ற பெயர் அவருக்கு அதனால் வந்தது.

தாம் அருகில் இல்லாத வேளையில் அரைகுறையாகக் கற்றவர்கள் தவறிழைத்துவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு இருந்தது. ஈதர் சற்றுக் கூடினால் மூச்சு நிற்கும். சற்றுக் குறைந்தால் நோயாளி மேசையில் துடிப்பார். அதனால் மயக்கத்தின் ஆழத்தை நான்கு நிலைகளாக வகுத்து, ஒவ்வொரு நிலையிலும் மூச்சு எவ்வாறு ஓடும், கண்விழி எவ்வாறு அசையும், கண்மணி எவ்வளவு விரியும், தசைகள் எவ்வளவு தளரும் என்பதை ஓர் அட்டவணையாக வரைந்து பயிலுநர்களின் கையில் கொடுத்தார். பெரிய நூல்களைப் படித்திராத ஒருவரும் நோயாளியின் கண்ணைப் பார்த்து நிலைமையை அறிந்துகொள்ள அது உதவிற்று. 1920 இல் அவ்வகுப்பு முறை அச்சில் வெளிவந்தது. ஈதர் வழக்கில் இருந்த காலம் முழுவதும் உலகின் மருத்துவ மாணவர்கள் அதனை மனனம் செய்தனர்.

இவ்விடத்தில் எமது மண்ணின் நினைவொன்று வருவது இயல்பே. உரும்பிராய்ச் சந்தியில் இருந்து மேற்கே செல்லும் வீதி மானிப்பாயை அடையும். அந்த மானிப்பாயில் 1848 முதல் பணியாற்றிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், எம்மவருக்கு மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். சத்திரசிகிச்சை நூலை 'இரணவைத்தியம்' என்ற பெயரில் 1867 இல் தமிழில் வெளிவரச் செய்தவர். அவரும் குடெல்லும் வெவ்வேறு காலத்தவர். வெவ்வேறு நோக்கங்களோடு வாழ்ந்தவர்கள். ஆயினும் மருத்துவ அறிவு அதனைக் கையாளப் போகிறவரின் கைக்கு, அவருக்கு விளங்கும் வடிவில் போய்ச் சேர வேண்டும் என்பதில் இருவரும் ஒரே வழியில் நின்றனர்.

போர் முடிந்து ஊர் திரும்பிய குடெல், இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றியபடி தமது ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அக்காலத்தில் அவருக்கு வாய்த்த நண்பர் டொக்டர் ரால்ஃப் வாட்டர்ஸ். இருவரும் 1883 ஆம் ஆண்டிலேயே பிறந்தவர்கள். நோயாளி வெளிவிடும் மூச்சில் உள்ள காபனீரொட்சைட்டைச் சுண்ணாம்பு கலந்த பொருளொன்றால் உறிஞ்சி அகற்றிவிட்டு, அதே வாயுவை மீண்டும் சுவாசிக்கச் செய்யும் கருவியை வாட்டர்ஸ் உருவாக்கியிருந்தார். மயக்கமருந்து வீணாகாது, செலவும் குறையும். ஆனால் எங்கும் கசிவில்லாத மூடிய வழி இருந்தாலன்றி அது செயற்படாது. வாதனாளிக்கும் குழாய்க்கும் இடைப்பட்ட வெளியை அடைப்பது எவ்வாறு என்பதே இரு நண்பர்களுக்கும் இடையே கடிதங்களில் ஓடிய கேள்வி.

குடெல் அக்கேள்விக்கு விடை தேடியது பெரிய ஆய்வுகூடத்தில் அன்று. தமது வீட்டின் நிலக்கீழ் அறையில். இறைச்சிக் கடையில் இருந்து விலங்குகளின் வாதனாளிகளை வாங்கி வந்தார். இறப்பர்க் கையுறையின் விரல்களையும் பல் வைத்தியர்கள் பயன்படுத்தும் இறப்பர்த் தாள்களையும் வெட்டி ஒட்டிப் பலவகையான உறைகளைச் செய்தார். அவற்றைக் குரல்நாண்களுக்கு மேலே, குரல்நாண்களுக்கு இடையே, அவற்றுக்குக் கீழே என வெவ்வேறு இடங்களில் வைத்து ஊதிப் பார்த்தார். குரல்நாண்களுக்குக் கீழே வாதனாளிக்குள் முழுமையாக அமையும் உறையே நன்றாக அடைக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். இன்று உலகின் எந்த மருத்துவமனையிலும் குழாயின் கஃப் நிற்கும் இடம் அதுவே. 1928 இல் குடெல்லும் வாட்டர்ஸும் இக்குழாயைப் பற்றிய கட்டுரையைச் சேர்ந்து வெளியிட்டனர்.

கட்டுரை மட்டும் வைத்தியர்களின் ஐயத்தைப் போக்கவில்லை. எனவே குடெல் தமது வளர்ப்பு நாயையே சாட்சிக்கு அழைத்தார். சுவாசவழி எனப் பொருள்படும் 'எயார்வே' என்ற பெயரையே அந்நாய்க்குச் சூட்டியிருந்தார். மருத்துவர் கூட்டங்களில் நாய்க்கு மயக்கமருந்து கொடுத்து, குழாயைச் செலுத்தி, கஃப்பை ஊதி, கண்ணாடித் தொட்டியில் நிறைந்த நீருக்குள் அதனை அமிழ்த்தி வைத்தார். நீர் நுரையீரலுக்குள் இறங்கினால் நாய் மாண்டுவிடும். நாயோ நீருக்கடியில் அமைதியாக மூச்சு விட்டு உறங்கிற்று. பின்னர் வெளியே எடுத்து மயக்கம் தெளிவித்ததும் உடலைச் சிலிர்த்து நீரை உதறிவிட்டு எழுந்து நின்றது. பார்த்திருந்தவர்களுக்கு வேறு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. விலங்குகளை இவ்வாறு காட்சிக்கு வைப்பதை இன்றைய உலகம் ஏற்காது என்பதையும் இங்கு குறிப்பிடுதல் வேண்டும். அந்த நாய் இச்சோதனைகளில் இருந்து நலமாகத் தப்பி, பின்னர் வாட்டர்ஸ் குடும்பத்தாரின் வீட்டில் வாழ்ந்தது என்பது ஆறுதலான செய்தி.

1920களின் இறுதியில் குடெல் கலிபோர்னியாவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார். மயங்கிய நோயாளியின் நாக்குப் பின்னே சரிந்து தொண்டையை அடைத்துவிடாமல் தடுக்கும் வளைந்த சிறு கருவியொன்றை 1933 இல் அறிமுகப்படுத்தினார். அதற்கு முன்னர் இருந்தவை உலோகத்தால் ஆனவை. உதட்டையும் தொண்டையையும் காயப்படுத்தியவை. காயப்படுத்தாத கருவி வேண்டும் என்பதே குடெல்லின் நோக்கம். அக்கருவி பிளாஸ்ரிக் வடிவில், அவருடைய பெயரோடே, இன்றும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பயன்படுகிறது. 1937 இல் தமது அனுபவம் முழுவதையும் திரட்டி மயக்கமருந்து பற்றிய நூலை வெளியிட்டார். 1941 இல் இலண்டன் ரோயல் மருத்துவச் சங்கத்தின் ஹிக்மன் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. 1956 யூன் மாதத்தில் லொஸ் ஏஞ்சல்ஸில் அவர் காலமானார்.

அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே அவருடைய சிறு பலூன் சத்திரசிகிச்சைக் கூடத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. 1952 இல் டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரை இளம்பிள்ளைவாதம் தாக்கியது. மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளர்களுள் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்து கொண்டிருந்தனர். ஓகஸ்ட் 27 ஆம் திகதி மயக்கமருந்து நிபுணரான பியோன் இப்சன், இறக்கும் தறுவாயில் இருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிடச் செய்து, கஃப் பொருத்திய குழாயைச் செலுத்தி, கையால் பையை அழுத்திக் காற்றூட்டினார். அதற்குப் பயன்பட்டது வாட்டர்ஸ் உருவாக்கிய கருவியே. சிறுமி பிழைத்தாள். அதன் பின்னர் ஏறத்தாழ 1500 மாணவர்கள் முறை வைத்து இரவு பகலாக நோயாளர்களின் அருகில் அமர்ந்து பையை அழுத்தினர். இறப்பு வீதம் நூற்றுக்கு இருபத்தைந்து அளவுக்கு இறங்கிற்று. இன்றைய அதிதீவிர சிகிச்சைப் பிரிவு என்னும் அமைப்பு அந்த அனுபவத்தில் இருந்தே பிறந்தது.

ஆனால் கதை இத்துடன் நிறைவுறவில்லை. குடெல் தமது கஃப்பைச் சில மணி நேரச் சத்திரசிகிச்சைக்காகவே செய்தார். அதிதீவிர சிகிச்சைப் பிரிவிலோ அது நாட்கணக்கில், சிலவேளை வாரக்கணக்கில் உள்ளே இருக்க நேர்ந்தது. 1960களில் செயற்கைச் சுவாசம் பரவலானதும், இயந்திரத்தில் இருந்து விடுபட்டு மகிழ்வோடு வீடு சென்ற நோயாளர்களுள் சிலர் வாரங்கள் கழிந்து மீண்டும் மூச்சுத் திணறலுடன் திரும்பி வந்தனர். கஃப் நின்ற இடத்தில் அவர்களது வாதனாளி சுருங்கிப் போயிருந்தது. 1969 இல் மசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த கூப்பரும் கிரில்லோவும் இதன் காரணத்தை விளக்கினர். சிறிதாகவும் விறைப்பாகவும் இருந்த அக்காலக் கஃப்பைக் கசிவின்றி ஊத மிகுந்த அமுக்கம் தேவைப்பட்டது. அவ்வமுக்கம் வாதனாளியின் மென்படலத்துக்குச் செல்லும் நுண்ணிய குருதிக் குழாய்களை நெரித்தது. குருதி கிடைக்காத படலம் அழிந்து, உள்ளிருக்கும் கசியிழையம் வெளிப்பட்டு, புண் ஆறும்போது தழும்பாகச் சுருங்கியது. சிலருக்குப் பின்புறச் சுவர் அரித்து உணவுக்குழாயுடன் துளை ஏற்பட்டதும் உண்டு.

அதன் விளைவாகவே மெல்லிய சுவருடன் அகலமாக விரிந்து, குறைந்த அமுக்கத்திலேயே அடைக்கும் இன்றைய கஃப் உருவானது. ஆயினும் அதையும் அளவுக்கு மீறி ஊதினால் பழைய தீங்கே நேரும். 1984 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வொன்றில், இத்தகைய அகன்ற கஃப் பொருத்தப்பட்ட 40 நோயாளர்களின் வாதனாளி நேரடியாக உள்நோக்கிப் பார்க்கப்பட்டது. கஃப்பின் அமுக்கம் 30 சென்ரிமீற்றர் நீருக்கு மேல் சென்றதும் படலத்தின் குருதியோட்டம் பாதிக்கப்படுவது அதில் தெரிந்தது. மறுபுறம், அமுக்கம் 20 சென்ரிமீற்றர் நீருக்குக் கீழே இறங்கினால், வாயில் தேங்கும் கிருமி நிறைந்த நீர் கஃப்பின் ஓரமாக வழிந்து நுரையீரலை அடைந்து நியூமோனியாவை உண்டாக்கும் ஆபத்துக் கூடுகிறது. எனவே 20 க்கும் 30 க்கும் இடையே பேணுவதே இன்று பொதுவாக ஏற்கப்பட்ட நெறியாகும்.

இந்த அளவு எத்துணை சிறியது என்பதை எண்ணிப் பார்ப்பது நன்று. பள்ளிப் பிள்ளையின் அடிமட்டத்தை நிமிர்த்தி வைத்தால், அவ்வுயரத்துக்கு நிற்கும் நீர் அடியில் கொடுக்கும் அமுக்கமே 30 சென்ரிமீற்றர் நீர் என்பது. எமது சைக்கிள் ரியூப்பில் இருக்கும் அமுக்கம் இதைப் போல ஏறத்தாழ நூறு மடங்காகும். ரியூப்பை விரலால் அமர்த்திக் காற்றுப் போதுமா எனப் பார்ப்பது எமது வழக்கம். வாயோரம் தொங்கும் சிறு பலூனையும் அவ்வாறு விரலால் அமர்த்தியே மதிப்பிடும் பழக்கம் உலகின் பல மருத்துவமனைகளில் இருந்து வந்துள்ளது. ஆனால் 35 க்கும் 25 க்கும் உள்ள வேறுபாட்டை அனுபவம் மிக்கவரின் விரலும் உணர்வதில்லை என்பது பலமுறை நிறுவப்பட்ட உண்மை. அதற்கென உள்ள அமுக்கமானியை அச்சிறு பலூனோடு இணைத்துப் பார்ப்பதே சரியான வழி. அது பெருந்தொகைக் கருவியன்று. பார்க்கும் வேலையும் ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும்.

ஒரு முறை பார்த்துவிட்டால் போதும் என்பதுமில்லை. நோயாளியை இடப்புறமாகவோ வலப்புறமாகவோ திருப்பிக் கிடத்தினால் அமுக்கம் மாறும். இருமினால் ஏறும். காற்று மெல்ல மெல்லக் கசிந்து நேரம் செல்லச் செல்ல இறங்கும். குடெல் இளமையில் பெரிதும் போற்றிய சிரிப்பு வாயு சத்திரசிகிச்சையின்போது பயன்படுத்தப்பட்டால், அது கஃப்பினுள்ளே ஊடுருவி அதன் அமுக்கத்தைக் கூட்டிவிடும். நோயாளியை உயரப் பறக்கும் ஹெலிகொப்ரரில் கொண்டு சென்றாலும் உள்ளிருக்கும் காற்று விரிவடையும். ஆகையால் ஒவ்வொரு பணிமுறை மாறும்போதும், நோயாளியின் உடல்நிலையை மாற்றிக் கிடத்திய பின்னரும் அளந்து பதிவது வேண்டப்படுகிறது. இதனைச் செய்பவர்கள் பெரும்பாலும் தாதியரே. வாயில் தேங்கிய நீரை உறிஞ்சி அகற்றுவதும், தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைப்பதும், கஃப்பின் அமுக்கத்தை நோக்குவதும் எவருடைய பாராட்டையும் பெறாத பணிகள். அவை தவறினால் வரும் கேடோ மருந்தால் எளிதில் மாறாதது.

குடெல்லின் வாழ்வில் இருந்து நாம் பெற்றுக்கொள்ள வேண்டியதும் இதுவே என எண்ணுகிறோம். அவருடைய பெயர் நிலைத்தமைக்குக் காரணம் அரிய மருந்தொன்றைக் கண்டதன்று. நோயாளியின் கண்ணையும் மூச்சையும் கூர்ந்து பார்த்தார். பார்த்ததை, தமக்குக் கீழே பணியாற்றும் எளியவர்களும் பார்க்கத்தக்க அட்டவணையாக்கினார். இறப்பர்த் துண்டுகளைக் கொண்டு ஒன்றைச் செய்தபோதும், அது அடைக்கிறதா என்பதை ஊகத்துக்கு விடாமல் நீருக்குள் வைத்துச் சோதித்தார். விரலால் அமர்த்திப் பார்த்து இவ்வளவு போதும் எனக் கூறிச் செல்வது அவருடைய வழிக்கு ஒவ்வாதது. அவர் ஆக்கித் தந்த கருவியை அவருடைய நெறிப்படியே பயன்படுத்துவது முறையாகும்.

எமது பகுதி மருத்துவமனைகளுக்கு நன்கொடை வழங்க முன்வரும் பழைய மாணவர் சங்கங்கள், ஆலய பரிபாலன சபைகள், பள்ளிவாசல் நிர்வாகங்கள், புலம்பெயர்ந்த உறவுகள் யாவரும் பெரிய இயந்திரங்களின் மீதே கண் வைப்பது வழக்கம். அவை தேவையே. எனினும் பல இலட்சம் பெறுமதியான இயந்திரத்தின் பயன், நோயாளியின் கழுத்துக்குள் இருக்கும் ஒரு சிறு பலூனின் அமுக்கத்தில் தங்கியிருக்கிறது. இயந்திரம் ஒன்று வழங்கப்படும்போது அமுக்கமானியும் உடன் உண்டா, அதனைக் கையாளும் தாதியர் பயிற்சிக்கு வசதி உண்டா எனக் கேட்பது நன்கொடையை நிறைவாக்கும்.

குடும்பத்தவருக்கும் சில கடமைகள் உண்டு. பார்வையாளர் நேரத்தில் உள்ளே செல்லும்போது, அன்பின் மிகுதியால் குழாயையோ வாயோரம் தொங்கும் சிறு பலூனையோ தொடுதல் கூடாது. நோயாளி பேச முயன்றும் குரல் வராததைக் கண்டு அஞ்சவும் வேண்டியதில்லை. கஃப் காற்றைக் குரல்நாண்களின் பக்கம் செல்ல விடாததாலேயே ஒலி எழுவதில்லை. இவை எல்லாவற்றிலும் முக்கியமானது, வீடு திரும்பிய பின்னர் அவதானமாக இருப்பதாகும். செயற்கைச் சுவாசத்தில் இருந்து மீண்டவருக்கு ஓரிரு வாரங்களிலோ மாதங்களிலோ மூச்சு வாங்குதல், மூச்சு இழுக்கும்போது கீச்சென்ற ஒலி, நீங்காத குரல் மாற்றம், விழுங்கும்போது புரையேறுதல் என்பன தோன்றினால், அதனைத் தொய்வு எனவோ உடற்சோர்வு எனவோ கருதி நாட்களைக் கடத்தக் கூடாது. முன்னர் குழாய் வைக்கப்பட்டிருந்தது என்பதை வைத்தியரிடம் தவறாமல் கூற வேண்டும். அந்த ஒரு தகவல் நோயை உரிய காலத்தில் கண்டறிய வழி செய்யும்.

இப்னு சீனாவின் வெள்ளிக் குழாய் முதல் குடெல்லின் இறப்பர் உறை வரை, மனிதனின் மூச்சைக் காக்கும் முயற்சியில் பல சமயத்தவரும் பல நாட்டவரும் ஆயிரம் ஆண்டுகளாகப் பங்கு கொண்டிருக்கின்றனர். இன்றிரவும் எங்கோ ஒரு அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் தாதி ஒருவர் அமுக்கமானியைக் கையில் எடுத்து, முள் 25 இல் நிற்பதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். அவ்வாறு எழுதப்படாத கட்டில் எமது மாகாணத்தில் ஒன்றேனும் இருத்தலாகாது என்பதே எமது வேண்டுகோள்.